கடைசி வரிசையில் ஒரு டிக்கெட்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு மாணவி. இந்தப் பருவத்தில் டேட்டாபேஸ், ஆப்பரேட்டிங் சிஸ்டம், கணிதம் என மூன்று பாடங்கள் எடுத்திருக்கிறேன். கூடவே ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தில் வாரம் 20 மணி நேரம் இண்டர்ன்ஷிப். தினமும் வகுப்பு முடிந்ததும் நான்கு மணி நேரம் அங்கே வேலை. முதலில் சமாளித்தேன். இப்போது இரண்டு இடத்திலும் பாதி ஆளாகத்தான் இருக்கிறேன்.

போன வாரம், ஆர்டர் பட்டியல் திறக்க 14 வினாடி ஆகிறது என்று ஒரு டிக்கெட் (சரிசெய்யச் சொல்லும் புகார்) என்னிடம் வந்தது. இரண்டு நாள் நிரலை மாற்றி மாற்றிப் பார்த்தேன். சீனியர் ஒருவர் வந்து ஒரு இன்டெக்ஸ் (பதிவுகளைச் சீக்கிரம் தேடி எடுக்க உதவும் அட்டவணை) போட்டார். பத்தே நிமிடத்தில் சரியாகிவிட்டது. அதே வாரம்தான் டேட்டாபேஸ் வகுப்பில் பி-ட்ரீ, அதாவது இன்டெக்ஸுக்குப் பயன்படும் மரம்போல் கிளை பிரியும் அமைப்பு, நடத்தினார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து லேப்டாப்பில் அந்த டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாடத்தில் பாஸானால் போதும், வேலைதான் உண்மையான படிப்பு என்கிறார்கள் நண்பர்கள். பருவத் தேர்வு வாரத்தில்தான் எங்கள் குழுவின் ரிலீஸும் (மென்பொருள் வெளியீடு) வருகிறது. மேனேஜரிடம் சொன்னால் முழுநேர வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்று பயம். இந்த வேலையையே கல்லூரி ப்ராஜெக்டாகக் காட்டலாமா என்றும் ஒரு யோசனை. என்ன செய்யட்டும்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படிக்கும்போதுதான் அந்தக் கடைசி வரிசை எனக்கு உறைத்தது. இன்டெக்ஸ் எப்படி வேலை செய்கிறது என்று முன்னால் பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இன்டெக்ஸ் இல்லாததால் வந்த சிக்கலைப் பின்னால் உட்கார்ந்து நீங்கள் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். வகுப்பையும் வேலையையும் நீங்கள் எதிரெதிராக வைக்கிறீர்கள். அந்த வாரம் இரண்டும் ஒரே விஷயத்தைத்தான் உங்களிடம் பேசின.

அந்தப் பாடத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், தவறவிட்டிருப்பீர்கள். பி-ட்ரீ பிறந்த இடம் பல்கலைக்கழகம் அல்ல. போயிங் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் ருடால்ஃப் பேயர், எட்வர்ட் மெக்ரைட் என்ற இருவர் உருவாக்கி 1972-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அவர்களுடைய சிக்கல் உங்களுடையதேதான்: தரவு டிஸ்கில் இருக்கிறது, ஒவ்வொரு முறை டிஸ்கைத் தொடுவதும் மெதுவான வேலை, ஆகவே தொடும் தடவையைக் குறைக்க வேண்டும். கணுவுக்கு (கிளை பிரியும் இடத்துக்கு) இரண்டு கிளை வைத்தால் 10 லட்சம் பதிவுகளில் ஒன்றை எட்ட ஏறக்குறைய 20 படி இறங்க வேண்டும். கணுவுக்கு 100 கிளை வைத்தால் மூன்றே படி. இன்டெக்ஸே இல்லையென்றால் முதல் பதிவிலிருந்து கடைசிவரை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டியதுதான். உங்கள் 14 வினாடியில் பெரும்பகுதி அங்கேதான் போயிருக்கும்.

இது தெரிந்தவருக்குத்தான் அடுத்த கேள்வி தோன்றும். சீனியர் அந்த இன்டெக்ஸை வாடிக்கையாளர் எண், தேதி என்ற வரிசையில் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு ஒருவர் தேதியை மட்டும் வைத்துத் தேடும் திரை ஒன்றைக் கேட்டால், பெரும்பாலும் அந்த இன்டெக்ஸ் கைகொடுக்காது. முதலெழுத்து தெரியாமல் இரண்டாம் எழுத்தை மட்டும் வைத்து அகராதியில் சொல் தேடுவது மாதிரி. திரும்ப 14 வினாடி. அப்போது சீனியர் பக்கத்தில் இல்லையென்றால்? பாஸானால் போதும் என்று சொல்லும் நண்பர்களிடம் இதைக் கேளுங்கள். அந்தப் பத்து நிமிடத்துக்குப் பின்னால், என்றோ ஒரு வகுப்பில் அந்தச் சீனியர் கவனித்து உட்கார்ந்திருந்த நேரமும் இருந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

சரி, நேரத்துக்கு வருவோம். மூன்று பாடம், பாடத்துக்கு வாரம் மூன்று மணி வகுப்பு, ஒவ்வொரு மணி வகுப்புக்கும் வெளியே இரண்டு மணி படிப்பு என்ற வழக்கமான கணக்கை வைத்தால் வாரம் 27 மணி. அலுவலகம் 20. மொத்தம் 47. காகிதத்தில் இது முடியக்கூடிய கணக்குதான். உங்களைத் தின்பது, தினமும் மதியம் ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவுவது. முடிக்காத வேலையை விட்டு அடுத்ததற்குப் போகும்போது மனதின் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடுகிறது, அடுத்த வேலை அதனால் கெடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் ஆய்வு செய்து காட்டினார். நீங்கள் சொல்லும் 'பாதி ஆள்' அதுதான்.

படிப்பையும் தொழிலையும் முறைப்படி இணைக்கும் திட்டத்தை 1906-இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் தொடங்கியபோது, மாணவர்களை வகுப்புக்கும் தொழிற்கூடத்துக்கும் மாறி மாறி அனுப்பினார். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் இன்றும் நான்கு மாதம் படிப்பு, நான்கு மாதம் வேலை என்று மாற்றிக்கொள்கிறார்கள். உங்களுக்கு அவ்வளவு நீளமான இடைவெளி கிடைக்காது. ஆனால் ஐந்து நாளும் நான்கு மணி என்பதை, வகுப்பு குறைவாக உள்ள இரண்டு நாளில் எட்டு எட்டு மணியும் இன்னொரு நாளில் நான்கு மணியுமாகக் கேட்டுப் பார்க்கலாம். நிறையக் குழுக்கள் இதற்கு ஒத்துக்கொள்ளும், அரை நாள் ஆளைவிட முழு நாள் ஆளுக்கு வேலை பிரிப்பது அவர்களுக்கும் சுலபம். அப்புறம், எழுந்திருக்கும் முன் 'இங்கே நிறுத்தியிருக்கிறேன், அடுத்து இதைப் பார்க்க வேண்டும்' என்று இரண்டு வரி எழுதிவையுங்கள். இப்படி எழுதிவைத்தால் மனம் பழைய வேலையை விடுகிறது என்று லெராயின் பிந்தைய ஆய்வு சொல்கிறது. நான் பல வருடமாகச் செய்கிறேன், உண்மை.

மேனேஜரிடம் இன்றே சொல்லுங்கள். நானும் படிக்கும்போது ஒரு நிறுவனத்தில் பகுதிநேரமாக வேலை பார்த்தேன். தேர்வு இருப்பதைச் சொன்னால் என்னைச் சிறு பையனாக நினைப்பார்கள் என்று மறைத்தேன். ரிலீஸ் இரவு விடிய விடிய உட்கார்ந்தேன். காலையில் தேர்வு. அதில் தோற்றேன். நான் அவசரத்தில் எழுதிய பகுதியை இன்னொருவர் மறுநாள் முழுக்க உட்கார்ந்து திருத்தினார். மேனேஜர் கோபப்படவில்லை. "மூன்று வாரம் முன்னால் சொல்லியிருந்தால் வேறு ஆளைப் போட்டிருப்பேனே" என்றார். அந்த வார்த்தை இன்னும் எனக்கு வலிக்கிறது. ஆள் இல்லாததை அவர்களால் சமாளிக்க முடியும். கடைசி நேரத்தில் தெரியவருவதைத்தான் சமாளிக்க முடியாது. தேர்வு தேதிகளை எழுதி, 'இந்த வாரம் ஐந்து மணி நேரம்தான் வர முடியும், என் பகுதியை ரிலீஸுக்குப் பத்து நாள் முன்பே முடித்துத் தருகிறேன், முடியாததை இப்போதே வேறு யாருக்காவது மாற்றிவிடுங்கள்' என்று மெயில் அனுப்புங்கள். முழுநேர வேலை கட்டாயம் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் இப்படி ஒரு மெயில் எழுதுகிற இண்டர்னை நானாக இருந்தால் விடமாட்டேன்.

ப்ராஜெக்ட் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். அங்கே எழுதும் கோட் பெரும்பாலும் ஒப்பந்தப்படி நிறுவனத்துக்கே சொந்தம், வெளியே காட்டக்கூடாது என்ற நிபந்தனையும் இருக்கும். நிறுவனத்திடமும் துறையிடமும் எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு வரிகூடச் சமர்ப்பிக்க வேண்டாம். அந்தச் சிக்கலை மட்டும் எடுத்து, நீங்களே உருவாக்கிய தரவில் புதிதாகச் செய்து பார்ப்பது பாதுகாப்பானது. அதற்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் மூச்சு முட்டினால் அலுவலக நேரத்தைக் குறையுங்கள். அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால், கைவிடும் கெடு முடிவதற்குள் ஒரு பாடத்தை அடுத்த பருவத்துக்குத் தள்ளுங்கள். டேட்டாபேஸை மட்டும் தள்ளாதீர்கள்.

நாளைக்கு அந்த ஆர்டர் க்வெரிக்கு (டேட்டாபேஸிடம் தரவைக் கேட்கும் கட்டளைக்கு) முன்னால் எக்ஸ்பிளெய்ன் என்று போட்டு ஓட்டிப் பாருங்கள். எந்த இன்டெக்ஸைத் தொடுகிறது, எத்தனை பதிவுகளைப் படிக்க வேண்டியிருக்கும் என்று டேட்டாபேஸே கணக்குச் சொல்லும். பிறகு தேதியை மட்டும் வைத்து ஒரு முறை. இரண்டிலும் என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.