அடுப்படி கேள்வி பதில்: பால் இல்லாத பதினொரு மணிப் பந்தி

போன இதழில், பாலும் நெய்யும் முட்டையும் இல்லாமலே காலைச் சாப்பாட்டை ஜமாய்க்கலாம், கஷ்டமே இல்லை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். கஷ்டமே இல்லையா, எங்கள் ஊர்க் குளிரில் செய்து பாருங்கள் என்று மலையிலிருந்து மட்டும் ஒரு கட்டுக் கடிதம் வந்திருக்கிறது. நானும் கோத்தகிரியில்தான் குப்பை கொட்டுகிறேன் என்பதைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன்.

அக்கா, எங்கள் மாடியில் இரண்டு அறையை ஹோம்ஸ்டே ஆக்கியிருக்கிறோம். அடுத்த மாதம் பெங்களூரிலிருந்து ஆறு பேர் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வீகன் பிரஞ்ச் வேண்டும் என்றார்கள், நானும் சரி சரி என்று தலையாட்டிவிட்டேன். பிரஞ்ச் என்றால் என்ன? இட்லி, பொங்கல் வைத்தால் முகம் சுளிப்பார்களா?
வாசகி, குன்னூர்

முதலில் பயத்தை விடுங்கள். பிரேக்ஃபாஸ்டையும் லஞ்சையும் ஒட்டிப் போட்ட பெயர்தான் பிரஞ்ச். 1895-ல் கை பெரிங்கர் என்ற ஆங்கிலேயர், சனிக்கிழமை இரவு கூத்தடித்துவிட்டு ஞாயிறு தாமதமாக எழுகிறவர்களுக்கு இப்படி ஒரு சாப்பாடு வேண்டும் என்று வாதாடி ஒரு கட்டுரை எழுதினார், பெயர் அதிலிருந்து பரவியது. வீகன் என்ற சொல் அதைவிடப் புதுசு, 1944-ல் டொனால்ட் வாட்சனும் அவருடைய நண்பர்களும் பிரிட்டனில் உருவாக்கியது. தமிழில் நனிசைவம் என்கிறார்கள். பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், முட்டை, தேன் எதுவும் கூடாது, அவ்வளவுதான்.

அப்படிப் பார்த்தால் இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, சுண்டல், தேங்காய்ச் சட்னி எல்லாம் எப்போதோ நனிசைவம்தான். நாம் மாட்டிக்கொள்வது இதிலெல்லாம் இல்லை, கை பழக்கத்தில். பொங்கல் மேல் நெய், குருமாவில் ஒரு கரண்டி தயிர், சப்பாத்தி மிருதுவாக வரட்டும் என்று மாவில் கொஞ்சம் பால், காலையில் வேறு யாருக்கோ ஆம்லெட் போட்ட அதே கல். பேக்கரி பிரெட்டிலும் பால் பவுடர் இருக்கலாம், கேட்டு வாங்குங்கள். பொங்கலுக்குக் கடலெண்ணெயில் மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை தாளித்து முந்திரியையும் அதிலேயே வறுத்துக் கொட்டினால் நெய் இல்லையே என்று யாரும் தேட மாட்டார்கள். என் மாமியாரே தேடவில்லை, அவர் தேடாதது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறு பேருக்கு நான் என்றால் ஆப்பமும் காய்கறி ஸ்டூவும்தான் வைப்பேன். நம் மலைக் காய்க்கென்றே பிறந்த குழம்பு அது. உருளைக்கிழங்கு நான்கு, கேரட் இரண்டு, பீன்ஸ் ஒரு கை, பச்சைப் பட்டாணி ஒரு கப். ஒன்றரைத் தேங்காயைத் துருவி, வெந்நீர் விட்டு அரைத்து, கெட்டிப் பால் ஒரு கப் தனியாகவும் இரண்டாம் பால் மூன்று கப் தனியாகவும் பிழிந்துகொள்ளுங்கள் (தேங்காயைக் குளிரில் வைத்திருந்தால் உள்ளே இருக்கும் எண்ணெய் உறைந்து பால் சரியாக இறங்காது, அதனால்தான் வெந்நீர்). தேங்காயெண்ணெயில் பட்டை, கிராம்பு, ஏலக்காய், இஞ்சி, கீறின பச்சை மிளகாய், நீளமாக வெட்டின வெங்காயம் வதக்கி, காயைப் போட்டு இரண்டாம் பாலில் வேகவிடுங்கள். உருளைக்கிழங்கு முக்கால்வாசி வேகிற வரை உப்பை நிறையப் போட வேண்டாம். கடைசியில் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் கெட்டிப் பால். கொதிக்கவிட்டால் திரிந்து எண்ணெயும் தண்ணீரும் தனித்தனியாக நிற்கும், விருந்தாளி முன்னால் அதைவிட அவமானம் கிடையாது.

கூடவே ஒரு சுண்டல், பழத்தட்டு, எலுமிச்சை பிழிந்த கட்டன் டீ. நீலகிரிக்கு வந்துவிட்டுப் பால் விடாத டீ குடிக்காமல் போவதில் என்ன அர்த்தம்? விலை கொடுத்து வாங்கும் வீகன் சீஸ், வீகன் சாஸேஜ் எல்லாம் தேவையே இல்லை என்பது என் கட்சி. பெங்களூரில் கிடைக்கிறதைத் தின்ன அவர்கள் குன்னூர் வரவில்லை.

ஆப்பம், தோசை என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறீர்கள். இங்கே மாவு பொங்கவே மாட்டேன் என்கிறது. சோடா உப்பு போடாமல் வழி உண்டா?
வாசகி, ஊட்டி

உண்டு, ஆனால் பொறுமை வேண்டும். மாவு புளிக்க 28 முதல் 32 டிகிரி வரை சூடு இருந்தால் சுகம். உங்கள் ஊரிலோ தை மாதம் புல் மேல் உறைபனி கிடக்கிறது. கீழே கோயம்புத்தூரில் எட்டு மணி நேரத்தில் பொங்குகிற மாவுக்கு இங்கே பதினெட்டு மணி நேரம்கூட ஆகும், இருபத்து நாலும் ஆகும். ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை இரவே ஊறப்போட்டு, சனிக்கிழமை காலையில் அரைத்துவிட வேண்டும்.

நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரையுங்கள். அரைத்து எடுக்கும்போதே மாவு சில்லென்று இருந்தால் அது சூடேறவே பாதி நாள் போய்விடும். உப்பைப் போட்டுக் கையாலேயே கரையுங்கள். அப்புறம் பெரிய ஹாட்பாக்ஸில் வெந்நீர் ஊற்றிக் கொட்டி, அந்தச் சூட்டோடு மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்து மூடி, மேலே பழைய கம்பளியைச் சுற்றிவிடுங்கள். ஓவன் இருக்கிறவர்கள் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு அதற்குள் வைக்கலாம். விறகடுப்புப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். நான் ஒரு தடவை வைத்து, காலையில் பார்த்தால் அடுப்பைப் பார்த்த பக்கம் பாதி இட்லியாகவும் மறுபக்கம் பச்சை மாவாகவும் இருந்தது. அவசரத்துக்கு ஆப்ப மாவில் கால் டீஸ்பூன் ஈஸ்ட் கரைத்து விடலாம், ஈஸ்ட் வீகன்தான்.

இன்னொன்று. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 93-க்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிக்கிறதே என்று ஏமாந்து பருப்பை இறக்கினால் நடுவில் நறுக்கென்று இருக்கும். கொண்டைக்கடலை, ராஜ்மா எல்லாம் குக்கரில்தான், அதிலும் கீழ்நாட்டுச் சமையல் குறிப்பில் சொல்வதைவிட இரண்டு மூன்று விசில் கூட.

முட்டை இல்லாமல் ஆம்லெட், பொடிமாஸ் என்றெல்லாம் சொல்கிறார்களே, வாயில் வைக்கிற மாதிரி இருக்குமா? டோஃபுவை, அதாவது சோயா பன்னீரை, வீட்டிலேயே செய்ய முடியுமா? கடையில் வாங்க நான் கீழே இறங்க வேண்டும்.
வாசகர், கொடைக்கானல்

கேள்வி கேட்டவர் ஆண் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

ஆம்லெட் பத்து நிமிட வேலை. ஒரு கப் கடலை மாவுக்கு ஒரு கப் தண்ணீர், மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை, வெங்காயம், தக்காளி, மிளகாய், மல்லித்தழை. கரைத்துக் கால் மணி நேரம் வைத்துவிட்டு மூடி போட்டுச் சிறு தீயில் வேகவிடுங்கள், இல்லையென்றால் பச்சை வாசனை போகாது. முட்டை வாசனை வருவதற்கு ரகசியம் கருப்பு உப்பு. அதில் கந்தகச் சேர்மம் இருக்கிறது, வேகவைத்த முட்டையில் மூக்கைத் துளைக்கிறதே, அதே சங்கதி. இறக்கிய பிறகு தூவுங்கள், சூட்டில் வாசனை ஓடிவிடும். இந்துப்பு வேறு, கருப்பு உப்பு வேறு, கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

டோஃபு கொஞ்சம் வேலை வாங்கும். 250 கிராம் சோயாவைக் கழுவி ஊறவையுங்கள். கீழே எட்டு மணி நேரம் போதும், உங்கள் ஊரில் ஒரு முழு இரவும் அதற்கு மேலும் வேண்டும். பருப்பைப் பிளந்து பார்த்தால் நடுவில் பள்ளம் இல்லாமல் சமமாக இருக்க வேண்டும். மொத்தம் இரண்டு லிட்டர் தண்ணீரில் பகுதி பகுதியாக அரைத்து, வேட்டித் துணியில் பிழிந்து, அடி கனமான பெரிய பாத்திரத்தில் காய்ச்சுங்கள். பெரிய பாத்திரம் என்று சும்மா சொல்லவில்லை, நுரை கட்டிப் பொங்கினால் அடுப்பு முழுக்கப் பால்தான். பொங்கி அடங்கிய பிறகும் சிறு தீயில் இருபது நிமிடமாவது கொதிக்க வேண்டும். பச்சை சோயாவில் செரிமானத்தைத் தடுக்கிற பொருள் உண்டு, நன்றாக வெந்தால்தான் அது அடங்கும், அதனால் பச்சைப் பாலை ருசி பார்க்கக்கூடாது.

இறக்கி, ஐந்து நிமிடம் ஆறவிட்டு, நான்கு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாற்றை அரை கப் வெந்நீரில் கலந்து, இரண்டு மூன்று தவணையாக ஊற்றி, ஒவ்வொரு தடவையும் மெதுவாக ஒரே ஒரு சுற்று. இங்கேதான் நான் முதல் தடவை கோட்டை விட்டேன். பன்னீர் செய்கிற நினைப்பில் கடகடவென்று கிண்டி, கட்டி எல்லாம் நொய்யாகிப் பாதி துணி வழியாகவே போய்விட்டது. கிண்டாமல் மூடி பதினைந்து நிமிடம் விட்டால் மஞ்சள் நிறத் தண்ணீர் தெளிந்து நிற்கும். துணியில் வடித்து, மேலே அம்மிக் குழவியோ தண்ணீர்ச் சொம்போ வைத்து அரை மணி அழுத்தினால் சுமார் 400 கிராம் வரை கிடைக்கும். எலுமிச்சைப் புளிப்பு லேசாக இருக்கும், பச்சைத் தண்ணீரில் போட்டு வைத்தால் போய்விடும். உதிர்த்து, கொடைக்கானல் மலைப்பூண்டு நான்கு பல்லைத் தட்டிப் போட்டு, மிளகுத்தூளோடு பொடிமாஸ் செய்யுங்கள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின பூண்டு அது, அதன் காரமே தனி. பிழிந்த சக்கையைக் கொட்டிவிடாதீர்கள், கடலை மாவும் வெங்காயமும் சேர்த்தால் நல்ல வடை.

நம் மலைத்தேன் சேர்க்கலாம்தானே? காட்டில் எடுக்கிறதுதானே அது?
வாசகி, கூடலூர்

வீகன்காரர்களுக்குக் கூடாது. காட்டுத்தேன் என்றாலும் தேனீயிடமிருந்து எடுத்ததுதான். கருப்பட்டிப் பாகு வையுங்கள்.

எங்கள் காப்பித் தோட்டத்துக்குள் பட்டர் ப்ரூட் காய்த்துக் கொட்டுகிறது. மில்க் ஷேக் தவிர எதுவும் தெரியவில்லை. பால் இல்லாமல் என்ன செய்யலாம்?
வாசகி, பண்ணைக்காடு

உங்கள் பட்டர் ப்ரூட்டுக்குத்தான் அவகாடோ என்று இன்னொரு பெயர். அவகாடோ டோஸ்ட் என்று சொல்லி நகரத்து ஹோட்டல்களில் ஒரு துண்டு பிரெட்டுக்கு என்ன விலை வாங்குகிறார்கள் என்று தெரிந்தால் உங்களுக்குத் தூக்கம் வராது. அந்தப் பழம் மரத்தில் பழுக்காது, பறித்த பிறகுதான் பழுக்கும். அரிசிப் பானையில் வாழைப்பழத்தோடு போட்டு வைத்தால் சீக்கிரம் வேலை ஆகும். காம்புப் பக்கம் லேசாக அமுங்கினால் பதம். மசித்து உடனே எலுமிச்சை பிழிந்துவிடுங்கள், இல்லையென்றால் கறுக்கும். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு போட்டுப் பிசைந்து ராகி தோசை மேல் தடவிச் சாப்பிட்டுப் பாருங்கள், நான் பிரெட்டையே மறந்துவிட்டேன். அடுப்பில் மட்டும் ஏற்றாதீர்கள், கசக்கும். சப்பாத்தி மாவில் எண்ணெய்க்குப் பதில் பாதிப் பழத்தைச் சேர்த்துப் பிசையலாம். அதுவும் சூடுபடுகிறதே என்று கேட்காதீர்கள், கொஞ்சம் மாவுக்குள் இருந்தால் தெரிவதில்லை.

ஊட்டி வர்க்கி (மொறுமொறு பிஸ்கட்) வீகனா?
வாசகர், கோயம்புத்தூர்

நெய் போடுகிற கடையும் உண்டு, டால்டா போடுகிற கடையும் உண்டு. கேட்டு வாங்குங்கள். கேட்டால் முறைப்பார்கள், கண்டுகொள்ளாதீர்கள்.

ஓட்ஸ் பால் செய்தேன், கோந்து மாதிரி வந்தது. சோயா பால் விட்டேன், காப்பியில் திரிந்தது. காப்பி இல்லாமல் எனக்குக் காலையே இல்லை.
வாசகி, தாண்டிக்குடி

ஓட்ஸை ஊறவைத்திருப்பீர்கள். கூடாது. அரை கப் ஓட்ஸ், இரண்டு கப் சில்லென்ற தண்ணீர் (உங்கள் குழாயில் வருவதே போதும்), மிக்ஸியில் அரை நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். துணியில் தானாக வடியவிடுங்கள், பிழிந்தால் கோந்துதான். கொதிக்கவிட்டாலும் கஞ்சியாகிவிடும், வெதுவெதுப்பாக்கினால் போதும். சோயா பால் திரிவது காப்பியின் புளிப்பும் சூடும் சேர்ந்து செய்கிற வேலை. டம்ளரில் முதலில் சூடான பாலை ஊற்றி, டிகாஷனை ஒரு நிமிடம் ஆறவிட்டு அதன் மேல் மெதுவாக விடுங்கள். ஃபில்டர் காப்பி ருசி வருமா என்றால், வராது. நான் பொய் சொல்லப் போவதில்லை. முந்திரிப் பால்தான் ஓரளவு பக்கத்தில் வருகிறது.

மருமகள் வீகன். நல்ல பெண். ஆனால் என் வீட்டில் தயிர் இல்லாமல் ஒருத்தி எழுந்து போகிறாள் என்பதை என் மனசு ஏற்கவில்லை.
வாசகி, கோத்தகிரி

அம்மா, உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. நிலக்கடலைத் தயிர் செய்து கொடுங்கள். ஒரு கப் பச்சைக் கடலையை ஊறவைத்து, தோல் நீக்கி, மூன்று கப் தண்ணீரில் அரைத்து வடிகட்டி, அடிப்பிடிக்காமல் காய்ச்சி, விரல் பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிடுங்கள். கழுவின பச்சை மிளகாய்க் காம்பு ஏழெட்டைக் கிள்ளி அதில் போட்டு மூடி, மாவுக்குச் சொன்ன அதே ஹாட்பாக்ஸ், அதே கம்பளி. காம்பில் ஒட்டியிருக்கிற நுண்ணுயிர்தான் உறை. நம் ஊரில் ஒரு நாள் முழுக்க ஆகலாம். முதல் தடவை தண்ணியாகத்தான் உறையும், அதில் இரண்டு ஸ்பூன் எடுத்து அடுத்த பாலுக்கு உறை விட்டால் கெட்டியாக வரும். கெட்ட வாடை வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். இதில் மோர்க்குழம்பு வைத்தேன், வெண்டைக்காய் போட்டு, வீட்டில் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

கூடவே ஒன்று: பி12 வைட்டமின் செடி கொடி உணவில் கிடைக்காது. மாத்திரை எடுக்கிறாளா என்று மருமகளிடம் கேளுங்கள், டாக்டரிடம் கேட்டு ஆரம்பிக்கட்டும். தயிரைச் சொல்லிச் சண்டை போடுவதைவிட அந்தக் கேள்வி அவளுக்கு உதவும்.

சௌசௌவில் ஏதாவது புதுசாக?
வாசகி, பெருமாள்மலை

புதுசு எதற்கு, தோல் துவையல் இருக்கிறதே. தோலை எண்ணெயில் சுருள வதக்கி, வறுத்த உளுந்து, காய்ந்த மிளகாய், புளி, இரண்டு சில் தேங்காய் வைத்துக் கரகரப்பாக அரையுங்கள். ஆம்லெட் என்று மேலே சொன்னேனே, அதற்குத் தொட்டுக்கொள்ள இதுதான்.