வீட்டுக்குப் பின்னாடி மர டெக் (வெளிய உக்கார்றதுக்குப் பலகையால போடற மேடை) நானே போட முடியுமா? சுவரோட சேர்த்துப் போடறதா, தனியாவா?

முடியும். நான் போட்டிருக்கேன். தச்சு வேலை எனக்குப் பரம்பரைத் தொழில் எல்லாம் கிடையாது, டிரில்லும் வட்ட ரம்பமும் பிடிக்கத் தெரியும், அவ்ளோதான். ஆனா உங்க ரெண்டாவது கேள்வி இருக்கு பாருங்க, ஒரு பக்கத்தை வீட்டுச் சுவர்ல மாட்டி மறுபக்கத்தைத் தூண்ல நிறுத்தறதா இல்ல மொத்தத்தையும் தூண்லயே தனியா நிக்கவிடறதான்னு, அதுக்குப் பதில் சொல்லத்தான் உக்காந்தேன். முதல் தடவை செய்யறீங்கன்னா தனியாவே நிக்கட்டும், சுவரைத் தொடாதீங்க.

ஏன் இவ்ளோ அடிச்சுச் சொல்றேன்னா, நாங்க இந்த வீட்டுக்குக் குடி வரும்போதே பின்னாடி ஒரு பழைய டெக் இருந்துச்சு, மேல பார்த்தா பெயின்ட் அடிச்சு சும்மா பளபளன்னு இருக்கும். ஒரு நாள் மழை விட்டதும் பின்கதவைத் திறந்து காலை வச்சா பலகை லேசா அமுங்குது. சரி என்னன்னு பார்ப்போம்னு கீழ ஊர்ந்து போய், சுவர்ல போல்ட் போட்டு மாட்டியிருந்த நீளச் சட்டத்துல (லெட்ஜர்னு சொல்வாங்க) ஸ்க்ரூடிரைவரை வச்சு அழுத்தினேன், ஈர மண்ணுல குச்சி இறங்கற மாதிரி கைப்பிடி வரைக்கும் இறங்கிடுச்சு. சத்தமே இல்ல. வெளிய இழுத்தா முனையில கருப்பா ஈரத்தூள். அது மேலதான் அத்தனை நாளும் குடும்பத்தோட நாற்காலி போட்டு உக்காந்திருந்தோம்.

காரணம் ரொம்பச் சின்னது. சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவுல தண்ணி இறங்காம இருக்க ஒரு தகடு மடிச்சு வைக்கணும், ஃப்ளாஷிங்னு பேரு, அதை யாரோ வைக்காம விட்டுட்டாங்க. அந்த இடுக்குல தண்ணி போனா காத்து படாது, காயாது, உள்ளயே மக்கும். டெக் சரிஞ்சு விழற விபத்துல தூண் முறியறதை விட இந்தச் சட்டம் சுவர்லேருந்து பிச்சிக்கிட்டு வர்றதுதான் அடிக்கடி நடக்கும், அதுவும் போல்ட் இல்லாம வெறும் ஆணி அடிச்சு மாட்டியிருந்தா கேக்கவே வேண்டாம். இன்னொண்ணு, சில வீட்டுல வெளிய தெரியற செங்கல் வெறும் அழகுக்கு நிக்கற ஒத்தை வரிசையா இருக்கும், அது டெக்கோட எடையைத் தாங்காது, அதுல போல்ட் போடவே கூடாது. இதெல்லாம் சரியாச் செய்யற ஆளுங்க இருக்காங்க, செய்யட்டும். நமக்கு ஒரு வரிசை தூண் கூடப் போட்டா இந்தத் தலைவலியே இல்ல.

தனியா நிக்கற டெக்லயும் கவனிக்க வேண்டியது உண்டு. வீட்டை ஒட்டின மண்ணு அஸ்திவாரம் தோண்டிட்டுத் திரும்ப நிரப்பினதா இருக்கும், இறுகியிருக்காது, அங்க தூண் போட்டா கொஞ்ச நாள்ல இறங்கும். அதனால பின் வரிசைத் தூணைச் சுவர்லேருந்து தள்ளி, தோண்டாத இறுகின மண்ணாப் பார்த்துப் போட்டு, உத்தரத்துக்கு மேல வர்ற ஜாயிஸ்டை (குறுக்குச் சட்டம்) சுவர்ப் பக்கம் நீட்டி விட்டுட்டா போதும். ரெண்டு உத்தரத்துக்கு நடுவுல இருக்கற தூரத்துல கால்வாசி வரைக்கும் நீட்டலாம்னு கணக்கு. சுவருக்கு முன்னாடி ஒரு இன்ச் சந்து விட்டு நிறுத்திடுங்க. டெக் ரெண்டு அடி உயரத்துக்கு மேல இருந்தா தூணுக்கும் உத்தரத்துக்கும் சாய்வா முட்டுக்கட்டை கண்டிப்பா வேணும், இல்லன்னா நாலு பேர் நடந்தாலே ஊஞ்சல் ஆடும்.

தூணை மண்ணுல புதைக்காதீங்க, கான்கிரீட்லயும் புதைக்காதீங்க. ஈரமும் காத்தும் சேர்ற தரைமட்டத்துலதான் மரம் முதல்ல போகும். குழியில கான்கிரீட் போட்டு, தரைக்கு மேல கொஞ்சம் எழுப்பி, அதுல இரும்பு ஷூ (தூணோட அடியைப் பிடிச்சுக்கற தாங்கி) பதிச்சு அதுக்கு மேல தூணை நிறுத்துங்க. குளிர்ல மண்ணு உறையற இடம்னா உறையற ஆழத்துக்கும் கீழ குழி போகணும், இல்லன்னா மண்ணு உப்பி தூணையே தூக்கிவிட்டுடும். தோண்டறதுக்கு முன்னாடி கேஸ், கரன்ட், தண்ணி லைன் எங்க போகுதுன்னு விசாரிச்சுக்கோங்க, அனுமதி வாங்கணுமான்னும் சேர்த்தே கேட்டுடுங்க.

இப்ப என் முட்டாள்தனத்துக்கு வர்றேன். என் டெக் 12 அடிக்கு 16 அடி. மூலைமட்டம் பார்க்க 3-4-5 கணக்கு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், ஒரு பக்கம் 3 இன்னொரு பக்கம் 4 அளந்தா குறுக்க, அதாவது மூலைக்கு மூலை, 5 வரணும். 12க்கு 16ன்னா அதே கணக்குதான் நாலு மடங்கு, குறுக்க கச்சிதமா 20 அடி. நூல் கட்டி ஒரு குறுக்கு அளந்தேன், 20 அடி, டான்னு வந்துச்சு. மச்சான் இன்னொரு குறுக்கையும் பிடிச்சுப் பார்ப்போம்னார், அதான் வந்துடுச்சே மச்சான்னு சொல்லிட்டு நான் குழி தோண்ட ஆரம்பிச்சுட்டேன். மேல பலகை அடிச்சு அடிச்சுக் கடைசி வரிசைக்கு வந்தப்பதான் தெரியுது, ஒரு முனையில பலகை சரியா உக்காருது, மறு முனையில ஒண்ணேகால் இன்ச் சந்து. அப்புறம் இன்னொரு குறுக்கை அளந்தா 20 அடி முக்கால் இன்ச். கடைசிப் பலகையை மட்டும் ஆப்பு மாதிரி நீளவாக்குல அறுத்து ஒப்பேத்தினேன், வர்றவங்களுக்குத் தெரியாது, எனக்கு அந்தப் பக்கம் போனாலே கண்ணு அங்கதான் போகும். ரெண்டு குறுக்கும் ஒண்ணா வர்ற வரைக்கும் மண்வெட்டியைத் தொடாதீங்க.

மரம் வாங்கும்போது மக்காம இருக்க மருந்து ஏத்தின மரம்னு கேட்டு வாங்குங்க, மண்ணுக்குப் பக்கத்துல வர்றதுக்கு அதிக மருந்து ஏத்தினது தனியா இருக்கு. அதை அறுத்துப் பார்த்தீங்கன்னா வெளியதான் பச்சையா இருக்கும், உள்ள நடுவுல வெளிறிப்போய் இருக்கும், மருந்து அது வரைக்கும் போகல. அதனால வெட்டின முனை ஒவ்வொண்ணுலயும் மறுபடி மருந்து பூசணும், எனக்கு இதுலதான் சோம்பேறித்தனம் வரும், ஆனா வேற வழியில்ல. துண்டுகளை அடுப்புல போட்டு எரிச்சுடாதீங்க, அந்தப் புகை ஆகாது. அறுக்கும்போது முகத்துக்கு மாஸ்க் போட்டுக்கோங்க. மருந்துல தாமிரம் இருக்கறதால சாதா இரும்பு ஸ்க்ரூவை அரிச்சுடும், சூடான துத்தநாகத்துல முக்கி எடுத்ததோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோதான் போடணும். ஜிப்சம் போர்டுக்குப் போடற கருப்பு ஸ்க்ரூ கையில இருக்கேன்னு நான் பத்து இருபது போட்டேன், முறுக்கும்போதே கழுத்து டப்பு டப்புன்னு ஒடிஞ்சுது.

ஜாயிஸ்டை ஏத்தறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் கண்ணுக்கு நேரா வச்சுப் பாருங்க, லேசா ஒரு வளைவு இருக்கும், அந்த முதுகு மேல பார்த்து இருக்கணும், எடை ஏறினா நேராயிடும். மாத்தி வச்சீங்கன்னா அங்க பள்ளம்தான். ஒரு சட்டத்தோட நடுவுலேருந்து அடுத்ததோட நடுவுக்கு 16 இன்ச், பலகையைச் சாய்வாப் போடறதா இருந்தா 12. எத்தனை அடிக்கு எந்த அளவுச் சட்டம்னு மரத்துக்கு மரம் மாறும், அதுக்கு அட்டவணை இருக்கு, கண் மதிப்புல போடாதீங்க. மட்டம் பார்க்க டியூப் லெவலே போதும்.

பலகைக்கு நடுவுல எவ்ளோ இடைவெளி விடணும்னும் பார்க்கணும். காஞ்ச பலகைன்னா ஒரு நூல், அதாவது அரைக்கால் இன்ச். ஈரமா, கையில எடுத்தாலே கனமா இருக்கற பலகைன்னா ஒட்டி ஒட்டியே அடிங்க, காயும்போது தானா சுருங்கி இடைவெளி விட்டுடும். நான் ஈரப் பலகைக்கு ரெண்டு நூல் விட்டு அடிச்சேன், காஞ்சதும் சந்து பெருசாகி இப்ப பொண்ணோட பென்சில் எல்லாம் டெக்குக்குக் கீழதான் கிடக்கு, மாசத்துக்கு ஒரு தடவை நான் ஊர்ந்து போய்ப் பொறுக்கிட்டு வர்றேன்.

கைப்பிடிக்குப் பல இடத்துல இருக்கற விதி, தரையிலேருந்து 30 இன்ச்சுக்கு மேல போனா கட்டாயம், கம்பிகளுக்கு நடுவுல 4 இன்ச் உருண்டை நுழையக்கூடாது, குழந்தை தலை மாட்டக்கூடாதுன்னுதான். உங்க டெக் அதை விடத் தாழ்வா வந்தா விடுங்க.

ஸ்டெயின் (மரத்துல ஊறற சாயம்) உடனே அடிக்கணுமான்னா, வேண்டாம். பலகை மேல கொஞ்சம் தண்ணி தெளிச்சுப் பாருங்க, முத்து முத்தா மேலயே நின்னா இன்னும் காயல, உறிஞ்சிடுச்சுன்னா அடிக்கலாம். எங்களுக்கு அது ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு.

எத்தனை நாள் ஆகும்னா, ரெண்டு சனி ஞாயிறுல முடிச்சுடலாம்னு நானும் மச்சானும் இறங்கினோம். ஆறு சனி ஞாயிறு ஆச்சு, அதுல ஒண்ணு முழுக்கப் பழைய டெக்கைப் பிரிக்கறதுக்கே போச்சு.