அம்மாவின் மறதி எனக்கும் வருமா?

கேள்வி: எனக்கு 46 வயது, அம்மாவுக்கு 71. இரண்டு வருஷமாக அம்மாவுக்கு மறதி அதிகமாகி, போன மாதம் நரம்பு டாக்டர் ‘அல்சைமர்’ என்று சொல்லிவிட்டார். அம்மாச்சியும் கடைசிக் காலத்தில் இப்படித்தான் இருந்தார். அம்மா மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். முப்பது வருஷம் விறகடுப்பில் சமைத்தவர். காதும் பத்து வருஷமாக மந்தம். வாங்கிக் கொடுத்த மிஷின் ‘கொய்ங்’ என்று கத்துகிறது என்று கழற்றி பீரோவில் வைத்துவிட்டார். எனக்குப் போன வருஷம் முகாமில் பி.பி. 150/94 இருந்தது. மாத்திரை ஆரம்பித்தால் நிறுத்த முடியாதாமே என்று விட்டுவிட்டேன். எச்சிலை அனுப்பினால் ஜீன் டெஸ்ட் செய்து சொல்கிறார்களாம், பார்த்துவிடு என்கிறான் தம்பி. பார்க்கலாமா? கல்யாண வயதில் எனக்கொரு பெண் இருக்கிறாள். — பெயர் வேண்டாம், தேனி.

பதில்: டெஸ்ட் வேண்டாம் சகோதரி. தம்பி அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் அந்தக் காசில் நல்ல பி.பி. மிஷின் ஒன்று வாங்கலாம். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த வரி அந்த 150/94தான்.

முதலில் ஜீன். பெற்றவரிடம் இருந்தால் பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்போடு இறங்கி, ஏறக்குறைய நிச்சயமாக அல்சைமரைக் கொண்டுவரும் ஜீன் பிழைகள் இருப்பது உண்மை. ஆனால் அவை மிக அபூர்வம். அல்சைமர் நோயாளிகளில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட அவை இருக்காது. அந்த வகை பெரும்பாலும் அறுபதுக்கு முன்பே தலைகாட்டிவிடும். உங்கள் அம்மாவுக்குத் தொடங்கியது 69இல். ஆக, அந்தப் பயத்தை விடுங்கள்.

அந்த அபூர்வ வகையிலும் ஒரு விசித்திரம் உண்டு. தென்னமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் அந்தியோக்கியா பகுதியில், பல ஆயிரம் பேர் கொண்ட ஒரு பெரிய வம்சத்தை பிரான்சிஸ்கோ லோபேரா என்ற நரம்பியல் மருத்துவர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். பிரசெனிலின்-1 என்ற ஜீனில் பிழை உள்ளவர்களுக்கு அங்கே 44 வயதை ஒட்டியே நினைவு தடுமாறத் தொடங்கிவிடும். அதே பிழையோடு பிறந்த ஒரு பெண்மணி மட்டும் எழுபதைத் தொடும்வரை தெளிவாக இருந்தார். ஸ்கேனில் பார்த்தால் மூளை முழுக்க, அல்சைமரின் அடையாளமான அமிலாய்டு என்ற புரதப் படிவு! அவரிடம் இருந்த இன்னொரு அரிய ஜீன் மாற்றம் அவரைக் காத்திருக்கலாம் என்று 2019இல் மருத்துவர்கள் எழுதினார்கள். ஒரு ஜீனை மட்டும் பார்த்து ஜோசியம் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி?

எச்சில் டெஸ்டுகள் பெரும்பாலும் பார்ப்பது வேறொரு ஜீனை: ஏபிஓஇ. அதன் நான்காம் வகை அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து வந்திருந்தால் ஆபத்து இரண்டு மூன்று மடங்கு. இருவரிடமிருந்தும் வந்திருந்தால் எட்டு மடங்குக்கு மேல். இந்தக் கணக்கெல்லாம் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்துப் போட்டது. அந்த நான்காம் வகை இருந்தும் நோய் வராதவர்கள் உண்டு, இல்லாமலே வந்தவர்களும் ஏராளம். ரிசல்ட் எப்படி வந்தாலும் நான் உங்களுக்குச் சொல்லப்போவது ஒன்றேதான். பிறகு எதற்கு அந்தக் காகிதம்?

அம்மாச்சிக்கு இருந்தது, அம்மாவுக்கு வந்தது, அதனால் ரத்தத்தில் இருக்கிறது என்கிறீர்கள். அவர்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ரத்தம் மட்டுமா? அம்மாச்சி ஊதிய அடுப்பைத்தான் அம்மாவும் ஊதியிருப்பார். கண் எரிய ஊதாங்குழலோடு குனிந்திருந்த அந்த முப்பது வருஷமும் புகையின் நுண்துகள் நுரையீரல் வழியாக ரத்தக் குழாய்களுக்குப் போய்க்கொண்டுதான் இருந்திருக்கும். பெண்பிள்ளைக்கு மூன்றாம் வகுப்பு போதும் என்ற முடிவும் வீட்டில் வழிவழியாக வந்ததுதான். சிறுவயதுப் படிப்பு, மூளைக்குப் பிற்காலத்தில் அடி தாங்கும் தெம்பைச் சேர்த்து வைக்கிறது. இந்தியாவில் அறுபது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா (அல்சைமர் உள்ளிட்ட மறதி நோய்கள்) என்று 2023இல் ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகம். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024இல், மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சொன்னது. படிப்புக் குறைவு, காது மந்தம், காற்று மாசு, நடு வயது ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகைபிடித்தல், தனிமை எல்லாம் அதில் உண்டு. எல்லாவற்றையும் சரிசெய்ய முடிந்தால், உலகில் டிமென்ஷியா வருபவர்களில் 45 சதவீதம் பேருக்கு அதைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்பது அவர்கள் கணக்கு. இது மக்கள் தொகைக்கான கணக்கு. ‘அம்மாவை நாங்கள் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லையோ’ என்று இதை வைத்து அழாதீர்கள்.

இனி உங்கள் விஷயம். மறதி வெளியே தெரிவதற்குப் பதினைந்து இருபது வருஷம் முன்பே மூளையில் அந்த அமிலாய்டு படிவு ஆரம்பித்துவிடுகிறது. அம்மாவுக்கு ஐம்பதை ஒட்டியே தொடங்கியிருக்கலாம். உங்களுக்கு இப்போது 46. நாற்பதிலிருந்து அறுபத்தைந்துவரை உள்ள பி.பி.தான் மூளைக்கு முக்கியம். மேல் எண்ணை 130க்குள் வையுங்கள். மாத்திரையை நிறுத்த முடியாது என்று பயப்படுகிறீர்கள். எடையும் உப்பும் குறைந்து அளவு இறங்கினால் டாக்டரே குறைப்பார். அப்படியே தொடர்ந்தாலும் என்ன, கண்ணாடியும்தான் தினமும் போடுகிறோம். சர்க்கரையும் கொழுப்பும் அதே நாளில் பார்த்துவிடுங்கள்.

மகள் கல்யாணத்துக்கு இதைப் பெரிதாக்காதீர்கள். யாராவது கேட்டால், “பாட்டிக்கு எழுபது வயதில் மறதி நோய்” என்று சொல்லுங்கள். மறைக்கவும் வேண்டாம், ஜீன் வரை போகவும் வேண்டாம்.

அம்மாவுக்கு பி12, தைராய்டு பார்த்தார்களா என்று கேளுங்கள். இவை குறைந்தாலும் மறதி கூடும், சரிசெய்யவும் முடியும். பீரோவில் கிடக்கும் மிஷினையும் எடுங்கள். காதில் இறுக்கமாகப் பொருந்தாமல் சத்தம் வெளியே கசிந்தால்தான் பெரும்பாலும் அது ‘கொய்ங்’ என்கிறது. காது அழுக்கை எடுத்து, மிஷினில் காதுக்குள் பொருந்தும் அச்சை மாற்றிப் பொருத்தச் சொல்லி செவித்திறன் நிபுணரிடம் காட்டுங்கள். மறதி இதனால் மறையாது, ஆனால் நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்கும். பொத்தான் பேட்டரி இந்நேரம் தீர்ந்திருக்கும். போகும்போது புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள்.