மூடியை அமுக்கிப் பிடிப்பது யார்?

கேள்வி: காலையில் சாம்பார் சாதத்தை ஆவி பறக்க எவர்சில்வர் சம்படத்தில் போட்டு, மூடி, மகனுக்குக் கொடுத்தனுப்புகிறேன். மதியம் அவனால் திறக்கவே முடிவதில்லை. பல நாள் சாப்பிடாமல் திருப்பிக் கொண்டுவருகிறான். வீட்டில் அடுக்கி வைத்த டம்ளர்களும் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கின்றன. அற்பக் கேள்விதான், ஆனால் தினமும் நடக்கிறதே! இரண்டுக்கும் ஒரே காரணமா? — ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: பிள்ளை பட்டினியாகத் திரும்பி வருகிறான் என்றால் அது அற்பக் கேள்வி இல்லை, சகோதரி. காரணம் இரண்டுக்கும் வேறு வேறு. அதனால் வைத்தியமும் வேறு.

முதலில் சம்படம். சூடான சோற்றிலிருந்து கிளம்பும் நீராவி, சம்படத்துக்குள் இருந்த காற்றில் ஒரு பங்கை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. அந்த நேரத்தில் மூடி விழுகிறது. சோறு ஆற ஆற, ஆவி தண்ணீராகி மூடியின் உட்புறத்தில் முத்து முத்தாகப் படிகிறது. ஆவியாக இருந்தபோது அடைத்த இடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தண்ணீருக்குத் தேவையில்லை. உள்ளே அழுத்தம் குறைந்துபோக, வெளிக்காற்று மூடியை அமுக்குகிறது. விளிம்பில் படிந்த ஈரமும் நெய்யும் காற்று நுழையும் இடுக்கை அடைத்துவிடுகின்றன.

எவ்வளவு அமுக்கும் என்று கணக்குப் போட்டால் திகைப்பாக இருக்கும். நம்மைச் சுற்றியுள்ள காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறக்குறைய 1 கிலோ எடையளவுக்கு அழுத்துகிறது. உள்ளே 70 டிகிரி சூடு இருக்கும்போது மூடிவிட்டு, அது 30 டிகிரிக்கு ஆறினால், உள் அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு குறையும். 10 செ.மீ. அகல மூடியின் பரப்பு சுமார் 78 சதுர செ.மீ. அப்படியானால் ஒரு 25 கிலோ அரிசிச் சிப்பத்தை மூடிமேல் வைத்ததற்குச் சமம்! கொஞ்சம் காற்று கசிந்து பாதியாகக் குறைந்தாலும் குழந்தையின் விரலுக்கு அது மலைதான். மூடி தட்டையானது என்றால் விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நடுப்பகுதி லேசாகக் குழிந்திருக்கும்.

ஆகவே மூடியை மேலே இழுத்துப் பயனில்லை. உள்ளே துளி காற்றை விட்டால் போதும். ஸ்பூனின் காம்பு நுனியை மூடி விளிம்புக்கு அடியில் கொடுத்து லேசாகத் திருகச் சொல்லுங்கள். 'உஸ்' என்று ஒரு சத்தம் வரும். அதோடு மூடி கையோடு வந்துவிடும். கத்தி வேண்டவே வேண்டாம், வழுக்கினால் கை போய்விடும். ஸ்பூன் நுழையச் சந்து இல்லையென்றால், மெல்லிய தகட்டுச் சம்படத்தை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மூடிக்குச் சற்றுக் கீழே அழுத்தி, கால்வட்டம் திருப்பி மறுபடி அழுத்தலாம். வட்டமான வாய் ஒரு கணம் கோழிமுட்டை வடிவத்துக்குப் போகும், காற்று உள்ளே புகும். வீட்டில் என்றால் சுடுதண்ணீரில் ஐந்து நிமிடம் நிறுத்தி வையுங்கள்; உள்ளே மறுபடி ஆவி கிளம்பி அழுத்தம் சமமாகும். மூடிய சம்படத்தை மட்டும் அடுப்பில் வைக்காதீர்கள். மூடி முகத்துக்குத் தெறிக்கும்.

இந்தத் தொல்லையே வராமல் இருக்க, சாதத்தைப் போட்டதும் மூடியைச் சாய்வாக வைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு விளிம்பைத் துணியால் ஈரம் போகத் துடைத்து மூடுங்கள். அவசரமான காலையில் அதற்கும் நேரமில்லையா? மூடிவிட்டு, பிள்ளை செருப்பு மாட்டும்போது ஒரு முறை திறந்து மூடுங்கள். உள்ளே அழுத்தம் குறைந்த அளவுக்கு வெளிக்காற்று நிரம்பிவிடும். ரப்பர் வளையமும் கிளிப்பும் வைத்த டப்பாவானால், மூடி நடுவில் சின்ன ரப்பர் அடைப்பான் உள்ளதை வாங்குங்கள். அதைத் தூக்கினாலே காற்று உள்ளே போகும். மகனின் வயதுக்கு அதுதான் சரி என்பது என் எண்ணம்.

(மலையேறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்புவது இதற்கு நேர் எதிர். ஊட்டியில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு, அதனால் உள்ளே உள்ள காற்று தள்ளுகிறது.)

இனி டம்ளர். இங்கே குற்றவாளி பெரும்பாலும் ஆப்புதான். அடி குறுகி வாய் விரிந்த வடிவம் என்பதால், மேலே உள்ளது கீழே உள்ளதற்குள் ஆப்பு மாதிரி இறங்கி இறுகுகிறது. காபி குடித்த சூட்டோடு இருக்கும் டம்ளருக்குள் குளிர்ந்த ஒன்றைச் செருகினால், வெளி டம்ளர் ஆறிச் சுருங்கி உள்ளதைக் கவ்விக்கொள்ளும்.

பிரிக்க, உள் டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றி ஒரு நிமிடம் விட்டு, வெளி டம்ளரை மட்டும் சுடுதண்ணீரில் இறக்கி, உடனே துணியால் பிடித்துத் திருகி இழுங்கள். 7 செ.மீ. அகல டம்ளர் 50 டிகிரி சூடேறினால் விரிவது 0.06 மி.மீ. மட்டுமே, ஒரு தலைமுடித் தடிமன். அது போதும். ஆனால் மெல்லிய தகடு, சூடு சீக்கிரம் உள்ளே ஏறிவிடும்; தாமதித்தால் இரண்டும் சேர்ந்தே விரிந்துவிடும். பலர் அவசரத்தில் உள் டம்ளரில் சுடுதண்ணீர் ஊற்றுகிறார்கள். அது இன்னும் இறுக்கும். கரண்டியால் ஓங்கி அடித்தால் தகடு நசுங்கி நிரந்தரமாக மாட்டிக்கொள்ளும்.

கண்ணாடி டம்ளருக்கு ஐஸும் கொதிநீரும் கூடாது, விரிசல் விடும். இடுக்கைச் சுற்றி இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு, அரைமணி கழித்து, கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் வெளி டம்ளரை வைத்து மெதுவாகத் திருகுங்கள். கழுவிய டம்ளர்களைக் கவிழ்த்து, ஈரம் காய்ந்த பிறகு, ஒரே அளவில் உள்ளவற்றை அழுத்தாமல் அடுக்குங்கள். வெவ்வேறு செட்டில் வந்த டம்ளர்களைக் கலந்து அடுக்கும் வீடுகளில்தான் இந்தப் பிடிவாதம் அதிகம்.