நரியைச் சொல்லாதீர்கள்

வணக்கம் ஐயா,

நான் உப்புவெளியில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். கனடாவில் உள்ள என் சித்தி, தன் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்று அவர்களுடைய ஆங்கிலப் படக்கதைப் புத்தகங்களை ஒரு பெட்டியில் போட்டு அனுப்பியிருந்தார். ஆங்கில வரிகளைத் தமிழாக்கி, வெள்ளைத் தாளில் எழுதி வெட்டி, மேலே ஒட்டி வாசித்துக் காட்டி வருகிறேன்.

ஒரு புத்தகத்தில் ஒரு கோழி உலாவப் போகிறது. பின்னால் நரி வருவது படத்தில் தெரிகிறது. எழுத்திலோ நரி என்ற பேச்சே இல்லை. அச்சில் விடுபட்டுவிட்டதோ என்றுகூட நினைத்தேன். பிள்ளைகளுக்கு விளங்க வேண்டுமே என்று "பின்னால் பொல்லாத நரி வந்தது" என நானே சேர்த்து ஒட்டினேன். புத்தகத்தில் உள்ளதை மட்டும் சொல்லிக் காட்டிய அன்று கூச்சல் போட்ட பிள்ளைகள், நரியைச் சேர்த்து வாசித்தபோது கைகட்டிக் கேட்டார்கள். நடந்தது நல்லதா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

இன்னொரு புத்தகத்தில், ஒரே பூங்காவுக்குப் போன நான்கு பேர் நான்கு விதமாகக் கதை சொல்கிறார்கள். "ஆர் சொல்லுறது உண்மை ரீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பெற்றோர் ஒருவர், எழுத்துப் பழக வேண்டிய வயதில் படம் ஒன்று சொல்ல எழுத்து வேறொன்று சொன்னால் பிள்ளை குழம்பாதா, பொய் சொல்லப் பழகாதா என்று கேட்டார். இவையெல்லாம் பின்நவீனத்துவப் படநூல்கள் என்கிறான் என் தம்பி. நாலு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு பெரிய சொல் எதற்கு ஐயா?

எழுத்தே இல்லாத புத்தகம் ஒன்றும் பெட்டியில் இருக்கிறது. அதற்கு நான் தமிழில் கதை எழுதி ஒட்டலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)
உப்புவெளி, திருகோணமலை

அன்புள்ள ரீச்சருக்கு,

முதலில் அந்த நரியை எடுத்துவிடுங்கள். ஒட்டிய தாளை உரிக்கப் போனால் படமும் சேர்ந்து கிழிந்து வரும். அதன்மேலேயே இன்னொரு வெள்ளைத் துண்டை ஒட்டி, கோழியை மட்டும் எழுதுங்கள்.

நீங்கள் சொல்லும் புத்தகம், பாட் ஹட்சின்ஸ் எழுதி வரைந்து 1968இல் வெளிவந்த 'ரோஸிஸ் வோக்'. ஆங்கிலத்தில் மொத்தமே 32 சொற்கள், ஒரே வாக்கியம். ரோஸி என்ற கோழி முற்றத்தைக் கடந்து, குளத்தைச் சுற்றி, வைக்கோற்போரின் மேலாக, மாவாலையைத் தாண்டி, வேலிக்குள் நுழைந்து, தேனீப் பெட்டிகளின் கீழாகப் போய், இராச் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு வந்து சேர்கிறது. எழுத்தை மட்டும் வாசித்தால் கொட்டாவி வரும். படத்தை மட்டும் பார்த்தால், குப்பை கூட்டும் வாரியை மிதித்து அதன் பிடியால் மூக்கில் அடிவாங்கி, குளத்தில் விழுந்து, வைக்கோலில் புதைந்து, மாவில் முழுகி, கடைசியில் தேனீக்கள் துரத்த ஓடுகிற ஒரு நரியின் கதை, சிரிக்கலாம், அவ்வளவுதான். இரண்டையும் சேர்த்தால் இரண்டிலும் இல்லாத ஒன்று வருகிறது. எதுவுமே நடக்காததுபோல ஒரு குரல் சொல்லிக்கொண்டு போகிறது. கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கோ எல்லாம் தெரிகிறது.

பக்கங்கள் அமைந்திருக்கும் விதத்தைக் கவனித்தீர்களா? எழுத்து உள்ள பக்கத்தில் நரி பாய்கிறது. புரட்டினால் எழுத்தில்லாத பக்கம், அங்கே நரி விழுந்து கிடக்கிறது. மறுபடி எழுத்து, மறுபடி வெறுமை. அந்த எழுத்தில்லாத பக்கங்கள் பிள்ளைகள் கத்துவதற்காக விடப்பட்டவை. கத்தினால்தான் கதை முழுமையாகிறது. நீங்கள் நரியைச் சொல்லிவிட்டபோது அவர்களுக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. அதனால்தான் கைகட்டி இருந்தார்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. வாசிக்கத் தெரிந்த நீங்கள் எழுத்தோடு நிற்கிறீர்கள், எழுத்துக்கு நரியைத் தெரியாது. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் வேறெந்த நேரத்திலாவது நாலு வயதுப் பிள்ளைக்கு ரீச்சரைவிடக் கூடத் தெரிந்திருக்கிறதா? இந்தப் புத்தகங்களின் சூட்சுமம் முழுவதும் எனக்கு இதில்தான் இருக்கிறது. சொல்லுக்கும் படத்துக்கும் நடுவே வேண்டுமென்றே ஒரு இடைவெளி விடுகிறார்கள். அது பிள்ளைக்கான இடம். நல்லெண்ணத்தோடு நாம் போய் அதில் உட்கார்ந்துகொள்கிறோம்.

பொய் சொல்லப் பழகாதா என்று கேட்ட பெற்றோருக்கு, ஜோன் கிளாசெனின் 2012ஆம் ஆண்டுப் புத்தகம் ஒன்றைக் காட்டலாம். 'திஸ் இஸ் நொட் மை ஹற்' என்று பெயர். மறு ஆண்டு, அமெரிக்காவில் படநூல் ஓவியத்துக்குக் கொடுக்கும் கால்டெகொட் பதக்கம் பெற்றது. தூங்கும் பெரிய மீனிடமிருந்து தொப்பியைத் திருடிய குட்டி மீன் தானே கதை சொல்கிறது. அது இப்போதைக்கு எழும்பாது என்கிறது. படத்தில் பெரிய மீனின் கண் திறந்திருக்கிறது. எழும்பினாலும் தொப்பி போனது தெரியாது என்கிறது. அந்தக் கண் தலைக்கு மேலே பார்க்கிறது. நான் போகும் வழியை நண்டு யாரிடமும் சொல்லாது என்கிறது. புரட்டினால் நண்டு அந்தப் பக்கமாகக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. கடைசியில் எழுத்து அடங்கிவிடுகிறது, தொப்பியோடு வெளியே வருவது பெரிய மீன் மட்டும். குட்டி மீனுக்கு என்ன ஆயிற்று என்று படமும் சொல்வதில்லை. (மீன்பிடிக்கிற ஊரில் அதை யாரும் விளக்கத் தேவையில்லை.) இதைக் கேட்கும் பிள்ளை பொய் பழகவில்லை. ஒருவன் தன்னைப் பற்றித் துணிந்து சொல்வதை நம்பலாமா என்று, மூன்றே பக்கத்தில் கண்ணால் சரிபார்க்கப் பழகுகிறது. செய்தித்தாள் வாசிக்கும் பெரியவர்களுக்கும் இந்தப் பழக்கம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

குழப்பம் என்று அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. எழுத்துப் பழக்க, பசுவின் படமும் கீழே 'பசு' என்ற எழுத்தும் வேண்டும். கொமேனியஸ் என்ற ஐரோப்பியக் கல்வியாளர் 1658இல் அச்சிட்ட படப் பாடநூலிலிருந்து இன்றைய அரிச்சுவடிவரை அது நன்றாகவே வேலை செய்கிறது. சொல்லும் படமும் ஒத்துப்போவது மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. நம் நாட்டின் சிபில் வெத்தசிங்க 1956இல் தந்த 'குட ஹொரா' (குடைத் திருடன்) என்ற சிங்களப் படக்கதையில் குடைகளைத் திருடியது யார் என்ற ஆவலே கதையை இழுத்துக்கொண்டு போகிறது. அதற்குப் படமும் சொல்லும் சண்டை பிடிக்கத் தேவை இருக்கவில்லை. அரிச்சுவடிக்கு ஒரு நேரம், நரிக்கு ஒரு நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பியின் பெரிய சொல்லுக்கு வருகிறேன். அது ஆய்வாளர்களின் சொல், பிள்ளைகளுக்குத் தேவையில்லை. உங்கள் கோழிக் கதையை நான் அந்தக் கணக்கில் சேர்க்கமாட்டேன்; அது நல்ல குறும்பு, அவ்வளவுதான். தான் ஒரு புத்தகம் என்பது தனக்கே தெரிந்த புத்தகங்களைத்தான் அப்படி அழைக்க வேண்டும். டேவிட் வீஸ்னரின் 2001ஆம் ஆண்டு மூன்று பன்றிக்குட்டிகள் கதையில் ஓநாய் ஊதுகிறது. ஊதிய வேகத்தில் பன்றி வீட்டோடு நில்லாமல் படத்தின் சட்டத்தையே விட்டு வெளியே போய் விழுகிறது. எழுத்து மட்டும் பிடிவாதமாக, ஓநாய் பன்றியைத் தின்றுவிட்டது என்று பழைய கதையைச் சொல்கிறது. படத்தில் ஓநாய் திருதிருவென்று விழிக்கிறது. பிறகு பன்றிகள் கதையின் ஒரு தாளையே விமானமாக மடித்து ஏறிப் பறக்கின்றன. டேவிட் மெக்கோலேயின் 'பிளாக் அண்ட் வைட்' (1990) விரிக்கிற பக்கத்துக்கு நான்கு கதைகளை ஒன்றாக ஓட்டுகிறது. இவை நான்கா ஒன்றா என்பதை அது முடிவு செய்து தராது. அந்தப் பொறுப்பு வாசிப்பவர் தலையில்.

உங்கள் பூங்காக் கதை அன்ரனி பிரவுணுடையது, 1998. இதில் சுவையான செய்தி ஒன்று உண்டு. ஏறக்குறைய இதே நிகழ்ச்சியை அவரே 1977இல் 'எ வோக் இன் த பார்க்' என்று ஒரு புத்தகமாக்கியிருந்தார். அதில் கதை சொல்லும் குரல் ஒன்றுதான். 21 ஆண்டுகள் கழித்து அதையே எடுத்து நான்கு குரல்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். ஒவ்வொரு குரலுக்கும் வேறு வேறு அச்செழுத்து. கர்வம் பிடித்த தாய் சொல்லும்போது மரங்கள் இலையுதிர்காலத்தில் நிற்கின்றன. வேலை இல்லாத தந்தை சொல்லும்போது பனிக்காலம். அவருடைய மகள் சொல்லும்போது அதே பூங்கா கோடையில் மின்னுகிறது. தமிழ்த் துண்டு ஒட்டும்போது நான்கையும் ஒரே கையெழுத்தில் எழுதியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். தாய்க்கு உங்கள் அழகான கையெழுத்து, தந்தைக்குத் தடித்த பேனா, பிள்ளைகள் இருவருக்கும் இரண்டு நிறப் பென்சில் என்று மாற்றிப் பாருங்கள். யார் சொல்வது உண்மை என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிடாதீர்கள். "நாய்கள் என்ன செய்கின்றன, பாருங்கள்" என்று மட்டும் கேளுங்கள். முதலாளி யார், ஏழை யார் என்று தெரியாமல் அந்த இரண்டும் முதல் பக்கங்களிலிருந்தே ஒன்றாக ஓடித் திரிகின்றன.

ஜோன் பேர்னிங்காமின் 'கம் அவே ஃபுரொம் த வோட்டர், ஷெர்லி' (1977) பெட்டியில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். உப்புவெளிப் பிள்ளைகளுக்கென்றே செய்ததுபோல இருக்கும். இடப்பக்கத்தில் தாயும் தந்தையும் கடற்கரைக் கதிரையில் சாய்ந்தபடி இருக்க, தண்ணீருக்குள் போகாதே, அந்த நாயைத் தொடாதே என்று தாய் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வலப்பக்கத்தில் ஒரு சொல்லும் இல்லை. அங்கே மகள் கடற்கொள்ளைக்காரரோடு வாள் வீசி, புதையல் எடுக்கிறாள். சொல் எல்லாம் பெரியவர்களுக்கு, படம் எல்லாம் பிள்ளைக்கு. ஞாயிறு பின்னேரம் உங்கள் கடற்கரையில் அரை மணி நேரம் நின்றால் இடப்பக்கத்து வசனங்கள் முழுவதையும் தமிழில் கேட்டு எழுதிக்கொண்டு வந்துவிடலாம்.

எல்லாவற்றையும் நான் மெச்சுவதாக நினைக்க வேண்டாம். இந்த வகைப் புத்தகங்களில் பாதி, பிள்ளையின் தலைக்கு மேலாக வாங்குகிற பெரியவருக்குக் கண்ணடிப்பவை. மேலும், பன்றி கதையை விட்டு ஓடுவதைப் பார்த்துச் சிரிக்க, அது ஓடாத கதையை முதலில் கேட்டிருக்க வேண்டும். நம் பிள்ளைகள் கேட்டிருப்பது வடை சுட்ட பாட்டியையும் காகத்தையும். நம்முடைய குறும்பை நாம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அல்லது ஊரிலிருந்து தொடங்கலாம். ஒரு டிமைத் தாளை மடித்துத் தைத்துச் சிறு புத்தகமாக்குங்கள். அட்டைக்கு பிரிஸ்டல் போட். எழுத்து இவ்வளவுதான்: "நாங்கள் கோயிலுக்குப் போனோம். கோட்டை வாசலைக் கடந்தோம். கடையில் அர்ச்சனைத் தட்டு வாங்கினோம். செருப்பைக் கழற்றினோம். படி ஏறினோம். ஐயரிடம் தட்டைக் கொடுத்தோம்." பிரெட்றிக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களைப் பற்றி ஒரு சொல்லும் எழுதக் கூடாது. படத்தை மட்டும் பிள்ளைகள் வரையட்டும். தட்டிலிருந்த வாழைப்பழம் எந்தப் பக்கத்தில் காணாமல் போகிறது என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். கோணேசர் கோயிலுக்கு ஒருமுறை போய்வந்த பிள்ளைக்கு மானை வரையச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாசிப்பதைப் பற்றியும் இரண்டு வார்த்தை. இருபது பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தால் பின்வரிசைக்குக் கோழி தெரியும், வாரி தெரியாது. ஐந்தைந்து பேராக இருத்துங்கள். விரலால் எதையும் சுட்டிக் காட்டாதீர்கள். கூச்சல் வந்த பிறகுதான் பக்கத்தைப் புரட்ட வேண்டும். கூச்சல் வரவில்லையென்றால் பொறுத்திருங்கள். அப்போது உங்கள் முகத்தில் நரி தெரியக்கூடாது, அதுதான் கஷ்டம்.

எழுத்தில்லாத புத்தகத்துக்கு எழுத வேண்டாம். பிள்ளைகள் ஒவ்வொருவரும் அதைப் பார்த்துச் சொல்வதை ஒரு கொப்பியில் அப்படியே, அவர்கள் பேசுகிறபடியே எழுதி வையுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவருக்கு வாசித்துக் காட்டுங்கள், சண்டை வரும். கொப்பி நிறைந்ததும் எனக்கும் ஒரு பிரதி எடுத்து அனுப்பினால் மகிழ்வேன்.

அன்புடன்
திருகோணமலை