முதல் சம்பளத்திற்கு முன் எத்தனை உடை வாங்கலாம்?

கேள்வி: சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்டத்தில் குடியிருக்கிறேன். இத்தனை ஆண்டுகளாகக் கையுறைத் தொழிற்சாலையில் சீருடையோடு வேலை செய்ததால், அலுவலகத்திற்கு ஏற்ற உடை என்று என்னிடம் எதுவுமே இல்லை. அடுத்த மாதம் ஈப்போவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்கிறேன். மோட்டார் சைக்கிளில்தான் போய்வரப் போகிறேன். கையில் 500 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) இருக்கிறது. பழைய உடைகள் விற்கும் பண்டல் கடையே போதும் என்கிறார் அக்கா. இணையத்தில் தவணைக்கு மொத்தமாக வாங்கிவிடலாம் என்கிறாள் தங்கை. இதற்கிடையே, நேர்முகத் தேர்வுக்கென்று டவுனில் புதிதாக வாங்கிய காலணியின் அடிப்பாகம் இரண்டாம் முறை அணிந்தபோதே பெயர்ந்துவிட்டது. ரசீதோடு போய்க் கேட்டால், ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று சுவரில் ஒட்டியிருப்பதைக் காட்டுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, முதலில் அந்த 500 வெள்ளியில் 150 வெள்ளியைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த 7ஆம் நாளுக்குள் முதலாளி சம்பளம் கொடுத்தால் போதும். ஆகவே முதல் சம்பளம் உங்கள் கைக்கு வர ஐந்து வாரத்திற்கு மேலும் ஆகலாம். அதுவரை பெட்ரோலுக்கும் மதியச் சாப்பாட்டிற்கும் பணம் வேண்டும். மீதி 350 வெள்ளியில் ஒரு வாரத்திற்கான உடைகளை மட்டும் வாங்குங்கள். அந்த அலுவலகத்தில் மற்றவர்கள் எப்படி உடுத்துகிறார்கள், அரசு ஊழியர்களைப் போல வியாழக்கிழமை பாத்தேக் துணி உடை அணியும் வழக்கம் உண்டா, பஞ்சாபி சூட் அணிந்து வருகிறார்களா என்பதெல்லாம் உள்ளே போன பிறகே தெரியும்.

உடைக்கு உங்கள் அக்கா சொல்வதுதான் சரி. பண்டல் கடையில் கருப்பும் கருநீலமுமாக இரண்டு காற்சட்டை, வெளிர் நிறங்களில் மூன்று சட்டை தேடுங்கள். விளக்கடியில் நின்று பார்க்காமல் வாசல் வெளிச்சத்திற்குக் கொண்டுவந்து, சட்டையின் கழுத்துப்பட்டை உட்புறத்தையும் அக்குளையும், காற்சட்டையின் உள்தொடைத் தையலையும் பாருங்கள். துணி தேய்ந்திருந்தால் முதலில் அங்கேதான் தெரியும். பண்டலில் கிடைக்கும் ஜப்பானியப் பெண்கள் உடையில் 7, 9, 11 என்று எண்கள் இருக்கும். 9 என்பது ஏறக்குறைய நம் ‘எம்’ அளவு, என்றாலும் எண்ணை நம்பாமல் போட்டுப் பார்த்தே வாங்குங்கள். தோள்பட்டை சரியாக அமைந்திருக்க வேண்டும், ஏனென்றால் அதைத் திருத்துவது கடினமான வேலை; இடுப்பையும் நீளத்தையும் எந்தத் தையல்காரரும் திருத்திக் கொடுப்பார். திருத்தும் செலவுக்கென்று 60 வெள்ளி ஒதுக்கிக்கொள்ளுங்கள். அளவாக அமைந்த பழைய காற்சட்டை, தொளதொளவென்று தொங்கும் புதியதைவிட எத்தனையோ மடங்கு மேல். தீபாவளிக்கு எடுத்த பஞ்சாபி சூட்டுகளில் கல்லும் சரிகையும் இல்லாதவை இருந்தால், அவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

காலணியை மட்டும் பண்டலில் வாங்கவே வாங்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பழைய காலணி மேலே பளபளவென்று இருக்கும், ஆனால் அவற்றில் பலவற்றின் அடிப்பாகம் பாலியூரித்தேன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, அணியாமல் பெட்டியில் கிடந்தாலும் சில ஆண்டுகளில் உள்ளுக்குள்ளேயே சிதையத் தொடங்கும், நம் ஊர்ப் புழுக்கத்தில் இன்னும் விரைவாகவே சிதையும். பிறகு ஒரு நாள், நடந்துகொண்டிருக்கும்போதே, தேநீரில் ஊறிய பிஸ்கட்டைப் போல உதிர்ந்துவிடும். 120 வெள்ளி வரை போனாலும் புதியதாகவே, ரப்பர் அடிப்பாகத்தோடு, அதை மேல்தோலோடு உண்மையாகவே தைத்திருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். சிலவற்றில் தையல் வெறும் அலங்காரத்திற்கு ஓடியிருக்கும். (ரப்பரின் உழைப்பை ரப்பர் தோட்டத்து மக்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.) மழையில் நனையாமலிருக்க அதை அலுவலகத்திலேயே வைத்துவிட்டு, மோட்டார் சைக்கிளில் வேறு காலணியோடு போய்வரலாம். ஆனால் கோப்பு எடுத்துக்கொண்டு நீதிமன்றத்திற்கோ நில அலுவலகத்திற்கோ போகும்போது ஜப்பான் சிலிப்பர் என்னும் ரப்பர் செருப்போடு போய்விடாதீர்கள். உடை விதியைக் காட்டி வாசலிலேயே நிறுத்திவிடக்கூடும்.

தங்கை சொல்லும் தவணை இப்போது வேண்டாம். வட்டி இல்லை என்று சொன்னாலும், நாள் தவறினால் தாமதக் கட்டணம் ஏறும். முதல் தவணையோ சம்பளம் வருவதற்கு முன்பே வந்து நிற்கக்கூடும்.

பெயர்ந்துபோன காலணிக்கு வருகிறேன். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். சுவரில் எதை ஒட்டி வைத்தாலும் இந்த உரிமையைக் கடைக்காரர் பறிக்க முடியாது. நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கத்தான் சட்டம் உங்களுக்கு உரிமை தரவில்லை. இரண்டாம் முறை அணிந்ததும் பெயர்ந்தது அப்படிப்பட்டதல்ல. பழுதுபார்த்தோ மாற்றியோ கொடுங்கள், இல்லையேல் பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று தேதி குறிப்பிட்டுக் கடைக்கு எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் மசியாவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுச் செய்யலாம். கட்டணம் 5 வெள்ளிதான். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை, 3 ஆண்டுகளுக்குள் அங்கே கொண்டுபோகலாம், வழக்கறிஞரும் தேவையில்லை. (உங்கள் புதிய முதலாளிக்கு இதில் வேலை கிடையாது.) அதுவரை காலணியைப் பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள், பெயர்ந்த நிலையிலேயே படம் எடுத்து, கடை ரசீதின் எழுத்து மங்குவதற்குள் அதையும் நகலெடுத்து வையுங்கள்.