பண்பாட்டின் அடிப்படைக் கூறுகள் யாவை? சமூகத்துக்குச் சமூகம் அவை எப்படி வேறுபடுகின்றன?

கேள்வியைப் பார்த்தால் தேர்வுக்குப் படிப்பவர் போலத் தெரிகிறது. அப்படியென்றால் எழுதிக்கொள்ளுங்கள்: சின்னங்கள், மொழி, விழுமியங்கள் (எது நல்லது, எது உயர்ந்தது என்ற எண்ணங்கள்), நெறிமுறைகள் (எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற விதிகள்), பொருள்சார் பண்பாடு (மக்கள் செய்து பயன்படுத்தும் பொருள்கள்). நெறிமுறைகளை இரண்டாகப் பிரித்துக் காட்டியவர் அமெரிக்கச் சமூகவியலாளர் வில்லியம் கிரஹாம் சம்னர், 1906இல். மீறினால் ஊர் சிரிக்கும் வழக்கங்கள் ஒருவகை. மீறினால் ஊர் ஒதுக்கிவைக்கும் ஒழுக்கநெறிகள் மறுவகை. ஐந்து மதிப்பெண்ணுக்கு இது தாராளம்.

இனி எழுதப்போவது உங்கள் தேர்வுக்கு உதவாது. ஆனால் இந்தக் கேள்வியை என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை. இந்த ஐந்தும் எனக்கு ஒரே ஒரு 5,000 யென் தாளில் புரிந்தன, அதுவும் ஒரு சாவுக்குப் போகும் வழியில்.

நான் தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணிப் பக்கத்துக்காரன். ஆடி, ஆவணியில் மொய் விருந்து, அதாவது மொய் வாங்குவதற்காகவே வைக்கும் விருந்து, நடக்கிற ஊர்கள் எங்களுடையவை. சிறுவயதில் அப்பாவுடன் மொய் எழுதும் மேசையில் உட்கார்ந்து, பெயரையும் தொகையையும் உரக்கச் சொல்லிப் பணத்தை எவர்சில்வர் குண்டானில் போடுவது என் வேலை. அழுக்குத் தாள் கொடுப்பவரை அப்பா பிறகு ஒரு வார்த்தை சொல்லாமல் விடமாட்டார். யாருக்குக் கொடுத்தாலும் சலவைத் தாளாகக் கொடு என்று சொல்லியே வளர்த்தார்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு ஜப்பானில், நகோயாவுக்கு அருகே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். உடன் வேலை செய்தவரின் தந்தை இறந்துவிட்டார். அங்கே துக்க வீட்டுக்கு உறையில் பணம் கொண்டுபோவார்கள். கோடென் என்று பெயர். அட, நம் மொய்தானே என்று நினைத்தேன். மதிய இடைவேளையில் வங்கிக்குப் போய், வரிசையில் நின்று, மடிப்பே படாத புதுத் தாள் ஒன்றை வாங்கினேன். கடையில் இருந்ததிலேயே அழகான உறையையும் வாங்கினேன். சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கயிறு கட்டியது.

கணக்குப் பிரிவில் ஓய்வுபெறும் வயதில் ஓர் அம்மா இருந்தார். உறையைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். சிவப்பு வெள்ளைக் கயிறு கல்யாணத்துக்கு உரியது. சாவுக்குக் கருப்பு வெள்ளை. தன் மேசை இழுப்பறையிலிருந்து அப்படி ஓர் உறையை எடுத்துத் தந்தார். பிறகு என் புதுத் தாளை வாங்கி, நடுவில் மடித்து, கட்டைவிரல் நகத்தால் மடிப்பின் மேல் ஒரு கோடு இழுத்து, மறுபடி விரித்து, தாளில் இருந்த எழுத்தாளர் ஹிகுச்சி இச்சியோவின் முகம் கவிழ்ந்திருக்கும்படி உறைக்குள் வைத்தார். புதுத் தாள் கொடுத்தால், இந்தச் சாவை எதிர்பார்த்துப் பணத்தைத் தயாராக வைத்திருந்தாய் என்று பொருளாகிவிடுமாம். கல்யாணத்துக்கு மட்டும் புதுத் தாள்தான் கொடுக்க வேண்டும். பெயர் எழுத ஒரு தூரிகைப் பேனா தந்தார். மை வெளிறிய சாம்பல் நிறத்தில் இருந்தது. கண்ணீர் விழுந்து மை கரைந்துவிட்டது என்பது அதன் கணக்கு.

தாள் அதே தாள்தான். எங்கள் ஊரில் மரியாதை, அங்கே அவமரியாதை.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். உறையின் கயிற்று முடிச்சு இழுத்தால் அவிழாது; கல்யாணம், சாவு இரண்டுக்கும் அதே முடிச்சு. இரண்டுமே ஒருமுறைக்கு மேல் நடக்கக் கூடாதவையாம். துக்க வீட்டில் பேசும்போதுகூட ‘மேலும் மேலும்’ போன்ற இரட்டைச் சொற்களைத் தவிர்ப்பார்கள். நாமும் சாவு வீட்டிலிருந்து ‘போய் வருகிறேன்’ என்று சொல்லிக்கொண்டா கிளம்புகிறோம்? பயம் ஒன்று, அதற்குப் போட்ட சட்டைதான் வேறு. பாடப்புத்தகங்கள் வேறுபாட்டை மட்டும் பட்டியலிடுவது எனக்கு எரிச்சலாக இருப்பதற்கு இதுவே காரணம். அந்த ஐந்தும் வந்துவிட்டன, பாருங்கள்: தாளும் உறையும் பொருள், கயிற்றின் நிறம் சின்னம், தவிர்க்கும் சொல் மொழி, மடித்துக் கொடுப்பது நெறிமுறை, துக்க வீட்டை மதிப்பது விழுமியம்.

உடனே இரண்டு பேர் கிளம்பி வருவீர்கள், தெரியும். ‘ஜப்பானியர் எல்லோரும் அப்படி இல்லை’ என்பார் ஒருவர். உண்மை. இப்போது பல குடும்பங்கள் கோடெனே வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. ‘மொய் பண்பாடு அல்ல, வட்டியில்லாக் கடன்’ என்பார் இன்னொருவர். இருக்கட்டுமே, கடன் கொடுக்கும் விதம் மட்டும் பண்பாட்டில் சேராதா?

புதுத் தாள் பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். என் தங்கையின் கல்யாணத்துக்குப் பத்து ரூபாய்ப் புதுக்கட்டு கேட்டு எங்கள் ஊர் வங்கிக் கிளைக்கு மூன்று நாள் நடந்தேன். இருப்பு இல்லை என்றார்கள். எதிர்க் கடையில் அதே கட்டு, வங்கி ஒட்டிய தாள்பட்டைகூடப் பிரியாமல், 200 ரூபாய் கூடுதல் விலைக்குக் கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்று கேட்டதற்கு வங்கி மேலாளர் எனக்குக் காபி வரவழைத்தார். அந்தக் காபியை நான் குடிக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இறந்தவரின் 49ஆம் நாள் கழிந்ததும் எனக்கு ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே பச்சைத் தேயிலை. வந்த கோடெனில் பாதியோ மூன்றில் ஒரு பங்கோ மதிப்புள்ள பொருளைத் திருப்பி அனுப்புவது முறையாம். மரியாதைதான், ஆனால் எனக்கு மனம் சுருக்கென்றது. எங்கள் ஊரில் வாங்கிய மொய்யை மேலே கொஞ்சம் போட்டுத்தான் திருப்பிச் செய்வார்கள். மிச்சம் ஒன்று நின்றால்தான் உறவு நிற்கும். சரிக்குச் சரி தீர்த்துவிட்டால் இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று பொருள்.

அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். அவரும் அதையே கேட்டார்: “கணக்கை முடித்துவிட்டார்களா? நீ ஏதும் தப்பாகப் பேசினாயா?” இல்லை என்று விளக்கியதும் கொஞ்ச நேரம் யோசித்தார். “பாதிதானே வந்திருக்கிறது? அப்போது மீதிப் பாதி நிற்கிறது” என்றார்.

விடுப்பில் ஊருக்குப் போனபோது மொய் நோட்டைப் புரட்டினேன். வெளியூர்ப் பக்கத்தின் கடைசி வரியில் ‘ஜப்பான், 5,000’ என்று எழுதி, எதிரே வரவில் ‘தேயிலை’ என்று குறித்திருந்தார். தேயிலையை எங்கள் வீட்டில் யாரும் குடிக்கவில்லை, கசக்கிறதாம். டப்பாவில் அம்மா கடுகு போட்டு வைத்திருக்கிறார்.